அந்த பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு அக்கா

என்ற தங்கமே, சரசக்கா,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். உன்ற மேல எனக்கு அவ்வளவு கோவம். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ எழுதறது இது. எழுத்துல தப்பிருந்தா உன்ற மக பூரணி திருத்துவா. கோவத்தை மட்டும் திருத்தாத கண்ணுன்னு அவகிட்டச் சொல்லியிருக்கறேன். நாலு பேர் படிக்கட்டும்னுதான் எழுதறேன். நாலு பேர் முன்னாலதானே என்மேல பழி போட்டாங்க?

அன்னிக்கு நானும் எங்க ஊட்டுக்காரரும் திருச்செங்கோட்டுல எங்க பேட்டரி கடையை அப்படியே போட்டுட்டு உன்ற ஊருக்கு வந்து எறங்குனோம். உன்னைய வாசல்ல கெடத்தியிருந்தாங்க. உன்ற கையத் தொடறதுக்குள்ள உன்ற மாமியா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. "தங்கச்சி கடை பேட்டரின்னு நம்பி இருந்தமே சாமி! அவசரத்துக்கு வண்டி கெளம்பலையே!" அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் திரும்பி என்னையப் பாத்தாங்க. அந்தப் பார்வையை நீ பாக்கல. நல்லவேளை.

சோளத் தட்டுப்போர்ல ஆட்டுக்குத் தட்டு உருவறப்போ கண்ணாடி விரியன் கடிச்சிருக்கு. மாமா, உன்ற ஊட்டுக்காரரு, லாரியில லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் பக்கம் போயிருந்தாரு. ஊட்டுல இருந்தது உன்ற மாமியாளும் கொழுந்தன் குமரேசனும். பைக்குல உக்கார வெக்கப் பாத்தா உனக்குத் தலை சுத்துது. ஷெட்டுல காரு நிக்குது. ஸ்டார்ட் ஆகல, பேட்டரி எறங்கிருச்சுன்னாங்க. கடைசியில ரோட்டுல வந்த பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, கேனுங்களுக்கு நடுவுல உன்னையப் படுக்க வெச்சுக் கொண்டு போயிருக்காங்க. கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதாம்மான்னு கேட்டாராம் டாக்டர்.

அந்த பேட்டரியை மாட்டுனது யாரு? நான்தான். ஆனி மாசக் கடைசியில அந்தப் பழைய காரை வாங்குனப்போ, வித்தவங்க ஆளே அதை நேரா நம்ம கடைக்கு ஓட்டியாந்தாரு. பழசைக் கழட்டிட்டு புதுசை என்ற கையால வெச்சேன். அதனால நீ போன பின்னால எனக்குச் சோறு எறங்கல. கிளாம்பை நல்லா இறுக்குனேனா? மீட்டர் வெச்சுப் பாத்தேனா? நின்ன வண்டியில கதவு சரியாச் சாத்தாம உள்ள லைட்டு எரிஞ்சு எறங்கியிருக்குமோ? எங்க ஊட்டுக்காரரு, "நீ போட்டா சரியாத்தான் போட்டிருப்பே"ன்னு சொன்னாரு. ஆனா அவரும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல.

கடைக்கு வர்றவங்ககிட்ட நான் மொதல்ல என்ன கேப்பேன்னு உனக்குத் தெரியும். "சாவியத் திருப்புனா என்ன சத்தமுங்க வருது?" பல்லி கத்தற மாதிரி டிக் டிக்னு வந்தா பேட்டரி எறங்கிருச்சு. குர்ருனு நல்லாச் சுத்திட்டுப் புடிக்காம நின்னா பேட்டரி மேல குத்தமில்ல, டீசல் வரல. சத்தமே இல்லீன்னா கிளாம்பு விட்டிருக்கும், இல்லீன்னா பேட்டரி ஒரேயடியாப் படுத்திருக்கும். டாக்டருங்க நாக்கை நீட்டச் சொல்ற மாதிரி எனக்கு இந்தக் கேள்வி. அதை உன்ற ஊட்டுல கேக்க எனக்குப் பதினாறாம் நாள் வரைக்கும் தைரியம் வரல.

காரியம் முடிஞ்சு பந்தி நடக்கறப்போ குமரேசனை ஓரமாக் கூப்பிட்டேன்.

"தம்பி, அன்னிக்குச் சாவியத் திருப்புனப்போ என்ன சத்தமுங்க வந்துச்சு?"

"சத்தமுங்களா... குர்ரு குர்ருனு சுத்துச்சுங்க. புடிக்கவே இல்லீங்க."

"லைட்டு?"

"அதெல்லாம் பளிச்சுனு எரிஞ்சுதுங்க."

"அதுக்கப்புறம் சார்ஜ் கீர்ஜ் போட்டீங்களா?"

"இல்லீங்க, வண்டியத் தொடவே இல்லீங்க."

சட்டிபானை கழுவிக்கிட்டிருந்த உன்ற மாமியாகிட்டப் போனேன். "ஒரு சத்தமும் இல்ல சாமி. செத்தாப்புல கெடந்துச்சு"ன்னாங்க. ஒரே வண்டி, ஒரே காலையில, நல்லாச் சுத்தவும் சுத்தி செத்தும் கெடக்குமா அக்கா?

சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில சாவி தொங்குச்சு. எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போனேன். தார்ப்பாயை எடுத்து, பானெட்டைத் தூக்கி, ரெண்டு கிளாம்பையும் புடிச்சு ஆட்டுனேன். அசையல. பையில இருந்த மீட்டரை வெச்சேன். பன்னெண்டரை வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டுச்சு, நல்ல பேட்டரிக்கு அதுதான் கணக்கு. உள்ள உக்காந்து சாவியத் திருப்புனேன். ஒரே திருப்பு. புடிச்சுக்கிச்சு.

எறங்குன பேட்டரி சும்மா கெடந்தா ஏறாது அக்கா. அது மனுசன் தூங்கி எந்திரிக்கற மாதிரி இல்ல. எஞ்சின் ஓட ஓட நான் ஸ்டீரிங்கைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன். நான் உன்னையக் கொல்லலடி, நான் கொல்லலைன்னு அழுதேன். பொறந்ததுல இருந்து உன்னைய 'டி' போட்டதில்ல. அன்னிக்கு வந்துருச்சு.

சத்தம் கேட்டு உன்ற மாமியா ஈரக் கையோட ஓடி வந்தாங்க. "ஐயோ, நிறுத்து சாமி! இன்னும் கோயிலுக்கே போகாத வண்டி!"

அவுங்க வாயில இருந்து அதுதான் மொதல்ல வந்துச்சு. வண்டி எப்படி ஸ்டார்ட் ஆச்சுன்னு கேக்கல. பந்தியில இருந்து எச்சக் கையோட மாமா எந்திரிச்சு வந்தாரு. "என்னம்மா சொல்றே?"ன்னு கேட்டாரு. குமரேசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்பத்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. ஆடி மாசம்னு பூசை போடாம வெச்சிருந்தாங்களாம். ஆவணி பொறந்து குலசாமி கோயிலுக்குத்தான் மொத ஓட்டமாம். மொத ஓட்டமே விசக்கடிக்கு ஆஸ்பத்திரின்னா, அந்த வண்டி அப்புறம் அதுக்கேதான் ஓடும்னு பயமாம். குமரேசன் சாவிய எடுத்தாராம், உன்ற மாமியா கையப் புடிச்சுத் தடுத்துட்டாங்களாம். சாவியத் திருப்பவே இல்லியாம். சாவு ஊட்டுல நாலு பேர் கேட்டதுக்கு பேட்டரின்னு சொல்லிட்டாங்களாம்.

மாமா ஷெட்டு மண்ணுலயே உக்காந்துட்டாரு. உன்ற மாமியா அவரைப் பாத்துக் கத்துனாங்க. "என்னைய மட்டும் பாக்காத! அவளேதான் சொன்னா! 'புது வண்டிங்க அத்தை, கோயிலுக்குப் போகட்டுங்க, நான் ஆட்டோ புடிச்சுப் போயிக்கறேன்'னு அவ வாயாலதான் சொன்னா!"

எஞ்சினை நிறுத்தக்கூட எனக்குத் தோணல.

பொய்யின்னு கத்தியிருப்பேன் அக்கா. ஆனா அந்தப் பேச்சுல உன்ற குரல் எனக்குக் கேட்டுச்சே. அதைத்தான் என்னால தாங்க முடியல. ஒரு பொங்கலுக்கு எங்க கடை வேனுல உன்னையக் கூட்டியாந்தோம், நெனப்பு இருக்கா? முன் சீட்டை உன்ற மாமியாளோட அக்காளுக்குக் குடுத்துட்டு நீ பின்னால ஆசிட் கேனுங்களோட உக்காந்துக்கிட்ட. புதுச் சேலை பொத்தல் பொத்தலாப் போச்சு. "சேலைதானே, நான் நல்லாத்தானே இருக்கறேன்"னு சிரிச்ச. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்.

ஏன் அப்படிச் சொன்ன? கால் வீங்கிக்கிட்டு வருது, பல்லு பட்ட எடம் எரியுது, அப்பக்கூட வண்டிக்கு வழி விடோணுமா? உன்ற புருசன் ராவும் பகலும் லாரி ஓட்டி வாங்குன வண்டியில உனக்குப் பங்கில்லையா? நீ ஒரு கத்துக் கத்தியிருந்தா குமரேசன் கெளப்பியிருப்பாரு. அவரு கெட்டவரில்ல, எந்திரின்னா எந்திரிக்கற ஆளு. யாராச்சும் சொல்லோணும். நீ சொல்லல.

அதுக்காக அவுங்களை நான் விட்டுட்டேன்னு நெனைக்காத. அவளேதான் சொன்னான்னாங்களே, நான் திருப்பிக் கேட்டேன். "அம்மா, இத்தனை வருசத்துல எங்கக்கா சொன்ன எதைங்க நீங்க கேட்டீங்க? தட்டுப்போரை ஊட்டுக்குத் தள்ளிப் போடலாம்னு சொன்னா, கேட்டீங்களா? போருகிட்ட ஒரு லைட்டுப் போடச் சொன்னா, கேட்டீங்களா? ஒரு நாளும் அவ பேச்சு ஏறாத காதுல, இது மட்டும் எப்படிங்க ஏறுச்சு?" அழுதாங்க. அவுங்க நெசமாவே அழுதாங்கன்னும் எனக்குத் தெரியும். இருந்தும் எனக்குப் பாவமா இல்ல.

மாமா அன்னிக்கே பூரணியோட துணிமணியை மூட்டை கட்டி என்ற கையில குடுத்தாரு. "இவ உங்கிட்ட இருக்கட்டும் பழனியம்மா"ன்னாரு. வெளியூர் லோடு ஒண்ணு புடிச்சு லாரியில போயிட்டாரு. போன் பண்ணுனா மகளோட மட்டும் பேசறாரு.

அந்த காரு என்னாச்சுன்னு கேப்பே. அங்கயேதான் நிக்குது. சாவு விழுந்த ஊடு, வருசம் திரும்பற வரைக்கும் கோயிலுக்குப் போகக்கூடாதே! போன வாரம் குமரேசன் போன் பண்ணாரு. "ஏனுங்க, இப்ப நெசமாலுமே ஸ்டார்ட் ஆகலீங்க, ஒருக்கா வந்து பாருங்க"ன்னாரு. என்ன சத்தமுங்க வருதுன்னு கேட்டேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துச்சு. வேற கடையப் பாருங்கன்னு வெச்சுட்டேன். யார் வண்டின்னாலும் ஓடி ஓடிப் பாக்கறவ நான். அந்த வண்டிய மட்டும் தொட மாட்டேன்.

உன்ற மகளைப் பத்திச் சொல்லோணும். பதினொண்ணாவது படிக்கறா. நேத்து லீவு நாள். கடையில ஒரு காருக்கு நான் பேட்டரி மாத்திக்கிட்டிருந்தேன். இவ பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா. வாங்கறப்போ விரல் பட்டுச்சு. நெருப்பாக் கொதிக்குது. "எப்ப இருந்துடி காய்ச்சல்?"னு கேட்டா, "காலையில இருந்து சின்னம்மா. கஸ்டமர் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றா.

உன்ற வயித்துல பொறந்தது உன்ற பேச்சையே பேசுது அக்கா. ஸ்பேனரை வீசிட்டேன். கார்க்காரரைப் பாத்து, "ஏனுங்க, புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது, உங்க வண்டியில எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் விடுங்க"ன்னு கத்துனேன். யாரோ எவரோ, பேருகூடத் தெரியாது. "அட, அதுக்கென்னங்க, ஏறுங்க"ன்னு கதவைத் தொறந்து விட்டாரு. டெங்குவா இருக்கும்னு படுக்க வெச்சிருக்காங்க. இன்னிக்குத் தேவலை. அவ கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துதான் இதை எழுதறேன்.

ஒரு வார்த்தைதான் அக்கா. கேட்டேன், கதவு தொறந்துச்சு. அந்த ஒரு வார்த்தை உனக்கு ஏன் வரல?

உனக்கு ஒரு சத்தியம் பண்றேன். இவ நல்லானதும் வாயத் தொறந்து கேக்கப் பழக்குவேன். எனக்கு வலிக்குது, என்னைய மொதல்ல கூட்டிட்டுப் போன்னு, யார் முன்னாலயும், எந்த வண்டி முன்னாலயும் சத்தம் போட்டுச் சொல்லப் பழக்குவேன். வாயாடின்னு ஊரே சொல்லட்டும். என்கிட்டயே எகிறட்டும், வாங்கிக்கறேன். பாக்கறவங்க எல்லாம் பூரணி உன்னையவே உரிச்சு வெச்சிருக்கறான்னு சொல்றாங்க. மூஞ்சி மட்டும் அப்படியே இருக்கட்டும் அக்கா. மிச்சத்தை நான் விட மாட்டேன்.

கோவம் தீராத, உன்ற கூடப் பொறந்தவ,
தங்கச்சி பழனியம்மா