வேலம் விதைக்குள் ஓர் உயிர்

1926, ஆவணி, செவ்வாய்.

கப்பலில் குழந்தையைப் பறிகொடுத்து வந்த ராமநாதபுரத்து மாரியாயி, மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபது நாளாக வாய் திறக்கவில்லை. நாளை அவளைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று, இங்கே மருந்து கொடுக்கும் டிரசரான நான்தான் கடிதம் எழுதி வைத்திருந்தேன்.

காலையில் அவள் துணிகளை நான் மூட்டை கட்டும்போது, ஊரிலிருந்து அவள் முடிந்து வந்த வேலம் விதைகள் சிதறின. கையில் எடுத்த ஒரு விதையில் குண்டூசித் தலையளவு ஓட்டை விழுந்தது. சாம்பல்நிற வண்டு ஒன்று வெளியே வந்தது. கல்போன்ற விதைக்குள், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கடல் தாண்டியிருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"எங்கூரு வண்டுய்யா. நசுக்கிறாதீங்க," என்றாள் மாரியாயி.

"நசுக்கல தாயி. இதுக்குள்ள எப்படி உசுரோட இருந்துச்சு?"

"அது வளர்றதே அதுக்குள்ளதான்," என்றவள் அழத் தொடங்கினாள்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சாயங்காலம்வரை பேசினாள். குழந்தையின் பெயர் ராக்கு.