டப்பாவில் சோறு இருக்கும்வரை

உப்பல் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டு லெமன் சாதத்தில் இன்று வேர்க்கடலை போடப்படவில்லை. மறைந்த கடலைக்காக எழுந்து நின்று மௌனம் காக்கும்படி வகுப்பில் கேட்டேன். ஒரு பயலும் எழவில்லை. நீ இருந்திருந்தால் எழுந்திருப்பாய், டப்பாவைப் பிடுங்க.

மூடியைத் திறந்ததும் வந்த எலுமிச்சை வாசம் என்னை நேராக லேபுக்குக் கொண்டுபோனது. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். பதினொன்றாம் வகுப்பில் எனக்கு வாய்த்த ஜோடி நீ. மேடம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்ன லூப், அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வித்தை, எனக்குப் பிடிபடவேயில்லை. லேப் டெஸ்டில் தேறாவிட்டால் வேறு பாடத்துக்குத் துரத்திவிடுவேன் என்று மிரட்டியிருந்தார். அன்று மதியம் என் டப்பாவை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

"ஏலே, நாந்தான் கம்ப்யூட்டரு. நீ சொல்லுதத மட்டும் செய்வேன். சொல்லு," என்றாய், உங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழில்.

"டப்பாவில் சோறு இருக்கும்வரை ஒரு வாய் சாப்பிடு," என்றேன், மகாராஜா தோரணையில்.

சாப்பிட்டாய். மறுபடி சாப்பிட்டாய். டப்பா பளபளத்தது.

"டேய், எனக்கு?"

"ஒனக்கு மிச்சம் வைக்கச் சொன்னியால? கம்ப்யூட்டருக்கு ஏது எரக்கம்?"

சாயங்காலம்வரை பட்டினி. லூப் புரிந்தது, வயிற்றில்.

மறுநாள் பழிக்குப் பழி. சோற்றில் பச்சை மிளகாயை நசுக்கிப் பிசைந்து கொண்டுவந்து அதே கட்டளையைக் கொடுத்தேன். நாலு வாய்க்குள் உன் கண்ணில் தண்ணீர். சுற்றி நின்று எல்லாரும் சிரித்தார்கள். "போதும்டா, நக்கோ, வேணாம்," என்று நானே பயந்துபோய்க் கத்தினேன். "ஓடும்போது சொன்னா கேக்காதுல," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பருக்கைவரை தின்றாய்.

அப்பேர்ப்பட்ட உன்னை ஒரு கொசு முடித்துவிட்டது. டெங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கிண்டலடிக்க, கொசுவிடம் தோற்றவனே என்று ஒரு முழுப் பேச்சே தயாராக வைத்திருந்தேன். நீ வரவில்லை. அதை இப்போது யாரிடம் பேசுவது?

டெஸ்ட் அன்று, வேறு யாரையாவது ஜோடி சேர்க்கட்டுமா என்று மேடம் கேட்டார். தனியாகவே செய்வேன் என்றேன். ஒரு வரியைப் பத்து முறை திரையில் வரவைக்க வேண்டும், அவ்வளவுதான். உன் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'ஒரு கழுதை' என்று அடித்தேன். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்ல மறந்துவிட்டேன். பத்தைத் தாண்டியும் அது ஓடியது. திரை முழுக்க உன் பெயர், கீழிருந்து மேலே, நிற்காமல். எல்லாரும் என் பின்னால் வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். கடைசியில் மேடம்தான் வந்து சுவிட்சை அணைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாஸும் போட்டார்.

"அவனுக்காக வேணும்னேதானே ஓடவிட்ட?" என்று பயல்கள் கேட்டபோது, "ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையை ஆட்டிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். லேபில் இப்போது என்னைச் சுற்றி ஒரு மரியாதை வட்டம் வேறு.

உனக்கு மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு அதை நிறுத்தத் தெரியாதுடா. என் புரோகிராம் இப்படி வெறிபிடித்து ஓடும்போதெல்லாம், குறுக்கே கையை நீட்டி இரண்டு கீயைச் சேர்த்து அமுக்குவது நீதான். எந்த இரண்டு என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்னமும் யாரிடமும் கேட்கவில்லை.