ஒருசந்தியும் லேகியமும்

5-3-81, வியாழன்
தவக்காலத்தின் இரண்டாம் நாள். மதியம் வரை பச்சைத்தண்ணீர்தான். கடைசிப் பீரியடில் கரும்பலகை ஆடியது. நாற்பது நாளும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பரீட்சைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேறு. எப்படித் தாங்கப்போகிறேன்?

7-3-81
பழங்காநத்தம் நாட்டுமருந்துக் கடையில் தெம்பு லேகியம் வாங்கினேன். "காலையில சாப்பிட்ட பெறகு சுண்டைக்காய் அளவு. அம்புட்டுத்தான் டீச்சர், கூடப் போடாதீக" என்றார் கடைக்காரர்.

ஒருசந்திக்காரி காலையில் எதைச் சாப்பிடுவது? மருந்து ஒருசந்தியை முறிக்காது என்பார்கள். வெறும் வயிற்றில் போட்டுக் கடுங்காப்பி குடித்தேன்.

10-3-81
பசியே இல்லை! பம்பரமாகச் சுற்றுகிறேன். சுண்டைக்காய் இப்போது நெல்லிக்காய் ஆகிவிட்டது. "பட்டினி கெடக்குறவ மாதிரியா இருக்க? கல்யாண வீட்டுக்குக் கெளம்புனவ மாதிரியில்ல இருக்க" என்றார் இவர். லேகியத்தைப் பற்றி இவரிடம் மூச்சு விடவில்லை.

12-3-81
தங்கப்பொண்ணு எங்கள் தையல் டீச்சர். ஆறு மாத வயிறு. "மாடி ஏறுனாலே மூச்சு வாங்குது. நீங்க மட்டும் எப்படி டீச்சர் ஓடுறீக?" என்றாள். பாவம். லேகியத்தில் பாதியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். மூலிகைதானே.

17-3-81
மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. சாம்பார் சிந்தியதற்கு மகளை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன்?

21-3-81, ஆஸ்பத்திரி
நேற்று கோவிலில் சிலுவைப்பாதை. ஒன்பதாம் ஸ்தலத்தில் ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்தார், நானும் விழுந்தேன். ஒருசந்தி மயக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாக்டரம்மா நாடியைப் பிடித்துக்கொண்டே, "என்ன சாப்பிடுறீங்க? மறைக்காமச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "நாட்டு மருந்துன்னா அளவு கிடையாதா? வெறும் வயித்துல, காப்பியோட! இன்னும் நாலு நாள் போயிருந்தா இருதயம் தாங்கியிருக்காது. பிள்ளைத்தாய்ச்சியெல்லாம் இதைத் தொடவே கூடாது."

பிள்ளைத்தாய்ச்சி!

ஐயோ, நான் என்ன செஞ்சுட்டேன் — இவரைத் தங்கப்பொண்ணு வீட்டுக்குச் சைக்கிளில் விரட்டினேன். மாதாவே, என் உசுரை வேணா எடுத்துக்க, அந்தப் புள்ளைய விட்டுரு — எத்தனை முறை சொன்னேனோ.

இரண்டு மணி நேரம் கழித்து அவளே வந்தாள், கையில் பாட்டிலோடு. மூடி கூடத் திறக்கவில்லை. "எதையும் கேக்காமத் திங்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாக. கேக்கப் போகச் சோம்பலா இருந்துச்சு, அப்படியே வச்சுட்டேன்" என்றாள். அந்தச் சோம்பலுக்குக் கோடி ஸ்தோத்திரம்.

24-3-81
வீடு வந்தேன். பங்குச் சாமியார் ஒருசந்தியை விடச் சொல்லிவிட்டார். நாலு இட்லி. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

22-6-81, திங்கள்
தங்கப்பொண்ணுக்குப் பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் சீனித்தண்ணிக் கிண்ணத்தை நீட்டி, "சேனை நீங்கதான் வைக்கணும் டீச்சர்" என்றாள். முதன்முதலாக நாக்கில் சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். என் குணமா?

"ஒனக்கு லேகியம் குடுத்தப்போ கடைக்காரர் சொன்ன அளவைக்கூட நான் சொல்லலம்மா" என்றேன்.

"அதுக்குத்தான் அன்னைக்கு அந்த அழுகை அழுதீகளே. வைங்க."

நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, வைக்கலாமா, எம்புட்டு வைக்கலாம் என்று கேட்டேன். "கையக் கழுவிட்டு ஒரே சொட்டு" என்றார். கழுவினேன். ஒரே ஒரு சொட்டு வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டியது.