ரேகை திரும்பி வந்த கை

மைனி,

இன்று இரணியல் தபாலாபீஸில் முதல் தடவையாக என் பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுத்தேன். கருவியில் பெருவிரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. நான் உயிரோடு இருப்பதை அது மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. வெளியே வந்தால் ரோட்டோரத்தில் யாரோ முந்திரி வறுக்கிற புகை, தொண்டை கமறியது. உங்கள் கைகள் நினைவுக்கு வந்தன. முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் வந்தபோதே அந்தக் கைகள் கறுப்புதான். முந்திரி உடைக்கிற அண்டியாபீஸில் தாவணி வயதிலிருந்தே வேலை. உள்ளங்கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு, கொட்டையை நிறுத்திவைத்து ஒரே தட்டு. பருப்பு முழுசாக வெளியே வரும். ஓட்டிலுள்ள எண்ணெயும் கூடவே தெறிக்கும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப்புத்தகத்தைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்திருப்பீர்கள். கல்யாண வீடுகளில் கை முந்தானைக்குள் போய்விடும். நல்ல நிறமான நாத்தனாராக நான் பக்கத்தில் நின்றது உங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

நான் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள். வாய் சும்மா இருக்குமா? அந்த எண்ணெய் மேல்தோலின் செல்களைச் சுட்டுக் கொல்கிறது, செத்த தோல் உரிய உரிய ரேகை மழுங்குகிறது என்று சொன்னேன். ரேகையின் அச்சு அதற்கும் அடியில் இருக்கிறது, எண்ணெய் அவ்வளவு ஆழம் போகவில்லையென்றால் அங்கிருந்து புதுச் செல்கள் அதே வரிகளோடு மேலே வரும் என்றும் சொன்னேன். கையைக் கொஞ்ச காலம் விட்டுவைத்தால் போதும்.

"விட்டு வச்சா தோலு வரும் மக்கா. கஞ்சி வருமா?" என்றீர்கள்.

ஆதாருக்கு விரல் பதிந்தபோது அண்டியாபீஸ் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதனால்தான் அன்று உங்கள் ரேகை விழுந்தது. கதவு திறந்ததும் பழையபடி மறைந்துவிட்டது. வேலையிலிருந்து நின்ற பிறகாவது கைக்கு ஓய்வு கொடுப்பீர்கள் என்று பார்த்தால், வீட்டுக்கே மூட்டையை வரவழைத்து உடைத்தீர்கள். பென்ஷனுக்கு வருஷா வருஷம் கருவியில் விரல் வைப்பீர்கள். சிவப்புதான் எரியும். பிறகு பேங்க் மேனேஜர் உங்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பணம் வந்துவிடும், ஆனாலும் உங்களுக்கு மனசு ஆறாது.

"நான் சாவல்லன்னு அந்த ஆளு சொல்லணுமாக்கும்? எனக்க கை சொன்னா போதாதா?"

ஒரு தடவையாவது அந்தக் கருவி உங்களை அடையாளம் காண வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்து மழைக்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்தீர்கள். சான்று வாங்கத் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்தார். நம்பிக்கையில்லாமல்தான் உங்கள் பெருவிரலைப் பிடித்து அதில் வைத்தேன். பச்சை எரிந்தது.

"இப்பந்தான் இதுக்கு என்னைத் தெரிஞ்சுதா?" வாய் கோணியபடியே சிரித்தீர்கள்.

"நான் அப்பவே சொன்னேன் இல்லியா மைனி?"

"நீ சொன்னது செரிதான். அதுக்கு இப்பிடி கெடக்கணுமே மக்கா."

அன்று சாயங்காலம் வரை நீங்கள் பெருவிரலை ஆள்காட்டி விரலில் உரசி உரசிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தச் சான்று ஒரு வருஷத்துக்குச் செல்லும். நீங்கள் கிறிஸ்துமஸைக்கூடப் பார்க்கவில்லை.

சவப்பெட்டிக்கடையிலிருந்து வழக்கம்போல வெள்ளைக் கையுறையும் காலுறையும் வந்தன. காலுறையைப் போட்டார்கள். கையுறையை எடுத்தபோது நான் தடுத்தேன். "கையப் பாத்தியா, வெள்ளையாட்டு எப்பிடி இருக்குன்னு," என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். உங்கள் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சில் எடுத்து வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அந்தக் கையுறை உறை பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. இன்று வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.