பொறந்த ஊரில் ஓட்டல் ரூம்

ஆவணி 17, செவ்வாய். தூறல்.

நீயே சொல்லு முருகா, அண்ணன் இருக்கிற ஊரில் தங்கச்சி ஓட்டலில் படுக்கலாமா? திருப்பூரிலிருந்து வரும்போது பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "எங்கண்ணன் புது வூடு, நான்தான் பால் காய்ச்சணும்" என்று தொப்பூர் மேடு ஏறி முடிகிறவரை பெருமை பேசினேன். தர்மபுரியில் இறங்கினால் செந்தில் பைக்கில் நிற்கிறான். நேரே இங்கே.

"வாடகை வூட்ல தீபா ஆளுங்க நெறஞ்சி கெடக்கறாங்க அத்தே. பாத்ரூமுக்கு வரிசை. உங்களுக்குப் பூசை அது இதுன்னு இருக்குதில்ல, இங்கன்னா வசதி."

செந்தில் அண்ணன் மகன், தீபா அவன் பெண்டாட்டி. பெங்களூரில் வேலை. அப்பா அம்மாவுக்கென்று இங்கே வீடு கட்டியிருக்கிறான், வியாழக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. ஆனால் இது மரியாதையா, தள்ளி வைப்பதா? அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் மகள் கவிதாவை இவனுக்குத்தான் பேசியிருந்தோம். மாட்டேன் என்றுவிட்டாள். அன்றோடு அண்ணன் என்னிடம் பேச்சை நிறுத்தினார். பத்திரிகை வைக்கவும் வரவில்லை, செந்திலும் தீபாவும்தான் வந்தார்கள். "நாத்தனார் மொறை உங்களுது, நீங்கதான் பால் காய்ச்சணும்" என்றான். அந்தச் சொல்லுக்காக வந்தேன். அண்ணன் வாயால் ஒரு தடவை அடுப்புக்கிட்ட வா என்று கூப்பிட்டால் போதும்.

ரூம்: இரண்டாம் மாடி. லிப்ட் வேண்டாமென்று படி ஏறினேன். அட்டையைச் சொருகினால்தான் கரண்ட். வெந்நீர் குழாயிலேயே வருகிறது, அடுப்பு மூட்ட வேண்டாம். இது பெரிய வசதி, ஒத்துக்கொள்கிறேன். குட்டி சோப்பு, குட்டி சீப்பு. சோப்பை இவருக்கு எடுத்து வைத்தாயிற்று. இவர் வரவில்லை, மூட்டு வலி, பஸ்ஸில் கால் மடக்க முடியாது.

கட்டில் தலைமாடு வடக்கே. யார் போட்டார்களோ. தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். எதிரே ஆள் உயரக் கண்ணாடி, காலையில் அதில் விழிக்கப் பயந்து துண்டைப் போட்டு மூடினேன். விளக்கு ஏற்றக் கூடாதாம், புகை பட்டால் மணி அடித்துவிடுமாம். அதனால் லைட்டைப் போட்டு அதையே கும்பிட்டேன். செவ்வாய் விரதத்தில் இப்படி ஒரு கும்பிடு. மன்னித்துக்கொள்.

நிலையில் ஒரு மாவிலை இல்லை. கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது, ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு, இங்கிலீசில் ஏதோ. சிவப்பு குங்குமம் மாதிரி மங்களமாக இருந்தது. அதை வெளிப்பக்கம் திருப்பி மாட்டினேன். மனசுக்குக் கொஞ்சம் வீடு போல ஆயிற்று.

பிறகு கண்ணை மூடி உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

ஆவணி 18, புதன். மழை விட்டது. வெளிச்சம்.

காலை எழுந்து வாசல் தெளிக்கக் கை தேடுகிறது. வாசல் எங்கே? வெளியே கம்பளம் விரித்த நடை. வரிசையாகக் கதவுகள். எதிர்க் கதவு ஆள் என்னைப் பார்த்தார், "எந்த ஊருங்க?" என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கீழே பலகாரம். பொங்கல் ஆறிப்போனது. இட்லி பரவாயில்லை. எத்தனை வைத்தேன் என்று கண்ணை ஓட்ட அண்ணி இல்லை, நிம்மதி. "இன்னொண்ணு வச்சுக்க" என்று தட்டில் போடவும் ஆள் இல்லை. இரண்டோடு எழுந்துவிட்டேன். சொந்தக்காரர் வீட்டில் நடுராத்திரி குழந்தைகள் மிதிப்பார்கள், ஒருத்தர் குறட்டை, ஒருத்தர் பல்லைக் கடிப்பார். பழனியில் சத்திரத்தில் படுத்தபோதுகூட பக்கத்தில் படுத்த சிவகாசி அம்மா கதை எனக்கு இன்றும் தெரியும், மூன்று மருமகள் கதையும். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் யாரென்றே தெரியாது. சுத்தம் இருக்கிறது. சத்தம் இல்லை. சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய ஓட்டல் என்கிறார்கள், ரூம் பெருக்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நானே துண்டால் கூட்டினேன். பத்து மணிக்குக் கீழே போய்க் கேட்டேன். கவுண்டரில் பாலக்கோட்டுப் பெண், வாய் நிறையச் சிரிப்பு.

"நீங்கதானே ஆண்ட்டி வர வேணாம்னு போர்டு மாட்டியிருக்கீங்க?"

"நான் என்னத்த மாட்டினேன்?"

"செவப்பு அட்டை. தொந்தரவு பண்ணாதீங்கன்னு போட்டிருக்கும். கூட்டறதுக்கு வரணும்னா பச்சைய மாட்டணும்."

சிரித்தேன். நானும் அவளும் சிரித்தோம். அப்புறம் அவள் சொன்னாள், "அதான் நேத்து சாயந்தரம் அந்தப் பெரியவரும் திரும்பிட்டாரு."

எந்தப் பெரியவர்? வெள்ளை வேட்டி, உயரம், நெற்றியில் பட்டை. என் பேரைச் சொல்லி ரூம் நம்பர் கேட்டாராம். அண்ணன் என்றாராம். மேலே போனவர் உடனே இறங்கிவிட்டார். "கதவுல எழுதி மாட்டியிருக்குதும்மா, நான் எதுக்குத் தட்டணும்" என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். இங்கிலீசு படிப்பார். நான் படிக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியாதா? ஐந்தாவதோடு நிறுத்தினேனே. ஏன் முருகா, உன்னைத்தானே உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரை ஒரு தட்டு தட்டச் சொல்லியிருக்கக் கூடாதா நீ? இத்தனை வருஷம் கழித்து அவராக ஏறி வந்த படி.

போன் செய்தேன். அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அண்ணி எடுத்தாள்.

"கதவு வரைக்கும் வந்த மனுசனுக்கு போர்டு காட்டறியா நீ? நல்லாத்தான் இருக்குது."

"அண்ணி, எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாம..."

"என்கிட்ட சொல்லி என்னத்துக்கு? தீபா அம்மாவே பாலைக் காய்ச்சட்டும்னு சொல்லிட்டாரு. நீ வா, சாப்புட்டுப் போ."

சாப்பிட்டுப் போ.

செந்திலிடம் போனில் எல்லாம் சொன்னேன். பந்தல்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டே, "விடுங்க அத்தே, பாத்துக்கலாம்" என்றான். ஆட்டோ பிடித்து நானே போய் விளக்கிவிடலாம். கூப்பிடாத வாசலில் போய் நிற்கக் கால் வரவில்லை. நாளைக்குக் கூப்பிட்ட வாசல். போவேன்.

அட்டையைக் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். சாயந்தரம் முழுக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தேன். கூட்டுகிறவள் வந்து, "கதவ சாத்திக்கங்கம்மா, ஏசி வீணாப் போவுது" என்றாள். அவள் பெயர் செல்வி, காரிமங்கலம் பக்கம், இரண்டு பெண் பிள்ளைகள். உட்காரச் சொன்னேன். சூப்பர்வைசர் திட்டுவார் என்று போய்விட்டாள்.

இவர் போன் செய்தார். "ரூம் எப்படி?" "ராஜா வீட்டு ரூம்" என்றேன். வேறு சொல்லவில்லை.

ஆவணி 19, வியாழன். வெயில்.

விடியுமுன் செந்தில் அழைத்துப் போனான். வீடு நன்றாகக் கட்டியிருக்கிறான். கிழக்கு வாசல். பசு, கன்று, ஓமப் புகை. அண்ணன் பந்தல் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

அடுப்புக்கிட்ட தீபாவின் அம்மா பட்டுப் புடவையோடு. ஐயர் கேட்டார், "வீட்டுக்குப் பொறந்த பொண்ணு யாரு? முன்னால வரட்டும்."

அண்ணி என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நான்தாங்க சாமி. இங்கிலீசு எழுத்து தெரியாம, செவப்பா அழகா இருக்குதேன்னு, யாரும் வராதீங்கன்னு கதவுல மாட்டி வச்ச மகராசி நான்தான். அண்ணன் வந்து திரும்பினது மறுநாள்தான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. செந்தில் தலையைக் குனிந்து சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. தீபா அம்மா ஓசூர்க்காரி, கன்னடம், பானையை என் கையில் கொடுத்து, "நீவே மாடி, நீங்களே காய்ச்சுங்க, நம்ம பக்கமும் நாத்தனார்தான்" என்றாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

பால் கிழக்கே பொங்கியது. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணனுக்கு நானே கொண்டுபோனேன். வாங்கினார். குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரன் கூப்பிடுகிறான் என்று போனார். வா என்று இல்லை, போ என்று இல்லை, நல்லாயிருக்கியா என்று இல்லை.

சாப்பாடு பிரமாதம். மதியம் செந்தில் இங்கே கொண்டுவந்து விட்டான். நாளை காலை பஸ். இன்று ராத்திரி வீட்டில் படு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விரிப்பு புதிதாக மாற்றியிருக்கிறார்கள், நேற்று நான் படுத்த சுருக்கம்கூட இல்லை. ஓட்டலில் ஒரு வசதி, குழாயைத் திறந்துவிட்டு அழலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கொஞ்சம் அழுதேன். புடவையில் ஓமப் புகை வாசனை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன குறைந்துவிடும் அவருக்கு? அங்கே அவர் டம்ளரைக் கழுவினபோது பார்த்தேன், அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. எல்லாரும் பாதி குடித்து வைத்திருந்தார்கள், அவர் மட்டும்

அட முருகா. அண்ணனுக்குப் பால் ஆகவே ஆகாதே. சின்னதிலிருந்து வாசனை பட்டாலே வாந்தி எடுப்பார், இன்றுவரை கடுங்காப்பிதான்.