பள்ளிக்கூட முனை

செப்டம்பர் 1, செவ்வாய்

சாப்பிட்டுக்கொண்டே வாலு அறிவித்தாள்: "அடுத்த மாசத்துலேருந்து நான் தனியா ஸ்கூலுக்கு நடந்து போறேன். எங்க கிளாஸ்ல அம்மா கையப் புடிச்சிட்டு வர்றது நான் ஒருத்திதான்."

பத்து வயது. பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். முடியாது என்றேன். ஏன் என்றாள். பள்ளிக்கூட முனையைத் தாண்ட வேண்டுமே என்றேன்.

"அந்த முனைய வரைஞ்சது நீதானேம்மா?"

நான்தான். தெருக்களை வரைவதுதான் என் பிழைப்பு. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அதில் நடக்கலாம், நான் பெற்றதை மட்டும் விட மாட்டேன். ஊருக்குத்தான் உபதேசம். இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

செப்டம்பர் 2, புதன்

வளைவுதான் வினை. முனை அகலமாக வளைந்திருந்தால் கார்க்காரன் பிரேக்கைத் தொடாமலே திரும்புவான். குறுக்கினால் தன்னால் வேகம் குறையும். இது தெரியாதவர் எங்கள் ஆபீசில் யாரும் இல்லை. ஆனால் தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டும் என்பது விதி. எப்போதோ வருகிற ஒரு வண்டிக்காக, தினமும் வருகிறவன் எல்லோருக்கும் பறக்க வழி செய்து கொடுத்திருக்கிறோம்.

அந்த எப்போதோ வருகிற வண்டியை ஓட்டுவது என் வீட்டுக்காரர். யாரிடம் போய்ச் சொல்ல!

செப்டம்பர் 7, திங்கள்

யோசனை வந்துவிட்டது. ஓரக்கல்லை முன்னே தள்ளி முனையைக் குறுக்குவது. அதற்கு வெளியே, தரையிலிருந்து லேசாக எழும்புகிற, சொரசொரப்பும் சரிவுமான ஒரு கல் பட்டை. டயர் தேயுமே என்று கார்க்காரன் ஏற மாட்டான். பெரிய வண்டி ஏறி இறங்கிப் போய்விடும்.

இவரிடம் காட்டினேன். "எரியிற வீட்டுக்குப் போற அவசரத்துல நான் கல்லு மேல ஏறி வெளையாடணுமா?"

"ஏறுங்களேன். வண்டிக்கு வலிக்குமா?"

"உள்ள மாட்டிக்கிட்டவனுக்கு ஒரு நிமிஷம்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

தெரியாதுதான். கார் முன்னால் ஒரு பிள்ளைக்கு ஒரு நொடி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 9, புதன்

எங்கள் ஆபீஸ் சீஃப் ஒப்புக்கொண்டார். முதலில் ரப்பர் பட்டை வைத்துச் சோதனை. தீயணைப்புத் துறை கையெழுத்துப் போட்டால் கல். இல்லையென்றால் பழையபடி.

செப்டம்பர் 13, ஞாயிறு

சோதனை. போலீஸ் காலையிலேயே தெருவை ஒழித்து வைத்திருந்தது. இவர்தான் ஓட்டினார். அவ்வளவு பெரிய வண்டி, பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போலப் பட்டை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. வாலு போட்ட கூச்சலில் போலீஸ்காரரே காதைப் பொத்திக்கொண்டார். இவர் இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும், "ஜெயிச்சிட்டடி" என்றார். துறை சார்பில் அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

வயிறு நிறைந்த சந்தோஷம். ஆனால் ஏதோ உறுத்துகிறது. என்ன?

செப்டம்பர் 14, திங்கள்

பேக்கரி வேன்.

வாலுவோடு நடந்து போகும்போது பார்த்தேன். முனையை ஒட்டி, பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, தினமும் நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. அது அங்கே நின்றால், குறுக்கிய முனையில் தீயணைப்பு வண்டி பட்டையில் ஏறினாலும் திரும்ப முடியாது. தினமும் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன். வரைபடத்தில் அது இல்லை. நகர்கிற எதையும் நாங்கள் வரைவதில்லையே! சோதனை என்றால் விருந்தாளி வருகிற வீடு மாதிரி தெருவைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் செய்வோம். எல்லாச் சோதனையும் அப்படித்தான்.

சொன்னால் முனை போச்சு. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. கடவுளே, நான் ஏன் அதப் பாத்துத் தொலைச்சேன்?

செப்டம்பர் 15, செவ்வாய்

சொல்லவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

சொல்லிவிட்டேன். முதலில் இவரிடம். இரண்டு நாளாக அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முனை தாண்டிய வீடுகளில் ஒன்று பற்றிக்கொண்டு, இவர் அந்த வேனுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றால்?

கத்தப்போகிறார் என்று பயந்தேன். மெதுவாகத்தான் பேசினார், அது இன்னும் மோசம். "கையெழுத்துப் போட்டது நான். நானும்தான் அந்த வேன தெனம் பாக்கறேன். அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தேனே தவிர ரோட்டப் பாக்கல."

இரண்டு பேருமாகச் சீஃபிடம் போனோம். சரிசெய்யப் பத்து நாள் கொடுத்திருக்கிறார். வாலுவிடம் நான்தான் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 21, திங்கள்

முனையை ஒட்டி யாரும் வண்டி நிறுத்த முடியாதபடி கம்பங்கள். வேனுக்குத் தெருவின் உள்ளே தனி இடம். வரைவது சுலபம். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு தெருவுக்கே வந்துவிட்டார்.

"புள்ளைக்கு ரோடு, நெருப்புக்கு ரோடு, பன்னுக்கு மட்டும் ரோடு கெடையாதாம்மா?"

நியாயமான கேள்வி. தட்டுகளை அவ்வளவு தூரம் யார் சுமப்பது? அவரோடு நானும் ஒரு தட்டைச் சுமந்து பார்த்தேன். கை கடுத்துவிட்டது. இடத்தைக் கடைக்கு இன்னும் அருகே கொண்டுவந்தேன். "இது பரவால்ல" என்றார், பரவாயில்லாத முகத்தோடு.

செப்டம்பர் 25, வெள்ளி

இன்று மறு சோதனை. யாருக்கும் சொல்லவில்லை, போலீசுக்கும். பள்ளி விடுகிற நேரம், கார்கள், சைக்கிள்கள், பன் தட்டுகள், ஐஸ் வாங்குகிற கூட்டம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சீஃபும் நானும் ஓரமாக நின்றோம். இவர் சைரன் போட்டுக்கொண்டு வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை தெரிந்த ஒருத்தி செய்கிற காரியமா அது!

"திரும்பிட்டார், கண்ணத் தொறங்க" என்றார் சீஃப்.

அக்டோபர் 12, திங்கள்

கல் பதித்தாயிற்று. வாலு இன்று தனியாகப் போனாள். முனை வரை பின்னால் போனேன். ஒரு நீல கார் வந்தது, குறைந்தது, நின்றது. அவள் தாண்டினாள். அப்புறமும் பள்ளி மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றேன். ஆபீசில் மூன்று தடவை பள்ளிக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தவர், "உங்க பொண்ணு கணக்குப் போட்டுட்டிருக்கா, நீங்களும் வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 13, செவ்வாய்

இன்றும் பின்னால் போனேன். பார்த்துவிட்டாள். முறைத்தாள்.

நவம்பர் 19, வியாழன்

அடுத்தது ஆஸ்பத்திரி முனை. காலையில் வரைபடத்தை விரித்ததுமே இவரோடு சண்டை. ஆம்புலன்ஸ் பட்டையில் ஏறினால் உள்ளே படுத்திருக்கிறவருக்குத் தூக்கிப்போடும் என்கிறார் இவர். சரிவை இன்னும் படுக்க வைக்கலாம் என்கிறேன் நான். இவர் பேனாவைப் பிடுங்கிக் கோடு போட, நான் அழிக்க, பேச்சு முற்றிக்கொண்டே போனது. தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தேன்.

"ஐயோ, வாலு! ஸ்கூலுக்கு நேரமாச்சே!"

"அவ அப்பவே போயிட்டா. உங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனா? நீயும் சரின்னு தலையாட்டின."

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தலையாட்டியது ஞாபகமே இல்லை.