அம்மாவின் இடப்பக்கம்

வாசலூர்ப்பட்டி, கொல்லிமலை
ஆவணி 24, 1941

தங்கச்சி பாப்பாயிக்கு அண்ணன் ராசப்பன் எழுதிக்கொள்வது. கோலாருக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. இதை உனக்குப் படித்துக் காட்டப் போகிறவருக்கும் விஷயம் தெரியட்டும்.

நீ கொண்டுவந்த புடவையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அம்மா அதைத் தொடவில்லை. தங்கவயலுக்கு யாராவது போனால் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் மாட்டைப் பார்க்கிறேன், மாடு நன்றாகத்தான் நிற்கிறது, திரும்பி வந்து இன்னொரு வரி எழுதுகிறேன்.

உன்னை யார் வரச் சொன்னார்கள்? ஆடிக் கடைசியில் சாமைக் காட்டில் களை எடுக்கும்போது அம்மா சாய்ந்துவிட்டாள், இடது கையையும் காலையும் இழுத்துக்கொண்டது. யார் சொல்லியோ கேட்டு ஓடி வந்தாய். வந்ததைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன் சந்தைக்குப் போகிறேன் என்று மலை இறங்கியவள், கீழ்நாட்டு ஆளோடு ரயிலேறிவிட்டாய் என்று தெரிந்த அன்று அம்மா என்ன சொன்னாள் என்பதும் உன் காதுக்கு வந்திருக்கும். "இனி அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். சொன்னதைச் செய்கிறவள் அம்மா.

நீ உள்ளே வந்து அம்மா என்று கூப்பிட்டதும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஆரு வந்திருக்கறது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். பெற்ற மகளின் குரல் தெரியாதா அவளுக்கு? நீ கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாய். "ஆரு கை இது, எம்மேல கெடக்குது? எடுத்து எறிங்க!" என்று வலது கையால் தள்ளினாள். வாய் குழறியிருந்தால் புத்தி பிசகிவிட்டது என்று நானே உன்னைச் சமாதானம் செய்திருப்பேன். பேச்சோ கல்லில் வெட்டியது மாதிரி இருக்கிறது. போன வருஷம் யார் வீட்டு ஆடு நம் ராகியில் மேய்ந்தது என்பது வரைக்கும் சொல்கிறாள். பேச்சு சரியாக இருந்தால் மனசும் சரியாகத்தானே இருக்கும்? அதனால்தான் "பாத்துட்டயில்ல, போய்ரு" என்று நான் சொன்னேன். நீ ஒரு வாய் சாப்பிடாமல் மழையோடு இறங்கிப் போனாய். அது உன் வீம்பு.

எங்கள் பாடும் ஒன்றும் நன்றாக இல்லை. அம்மாவோடு காலம் தள்ளுவது பெரும்பாடு. தனக்கு ஒன்றுமே இல்லை, காட்டுக்குப் போகவேண்டும், நாங்கள்தான் தடுத்து வைத்திருக்கிறோம் என்கிறாள். களி போட்டால் வட்டிலில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, மருமகள் அரை வயிற்றுக்குத்தான் போடுகிறாள் என்று ஊரைக் கூட்டுகிறாள். இருசாயி அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். பார்க்க வருகிறவர்களுக்கும் சுவரைப் பார்த்தே பதில் சொல்கிறாள். அத்தனை கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

நீ போன பிறகு உன்னைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்வது நல்லது. இனிமேல் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். உன் குடித்தனத்தைப் பார்த்துக்கொள், நன்றாக இரு.

அண்ணன்
ராசப்பன்

*

வாசலூர்ப்பட்டி
புரட்டாசி 6

பாப்பாயி,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. முதலில் இதைக் கேள். அம்மா உன்னைப் பார்க்க மறுக்கவில்லை. அவள் உன்னைப் பார்க்கவே இல்லை. சின்னராசு, கட்டினவளுக்கு இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டும்.

சேந்தமங்கலத்தில் வைத்தியம் பார்க்கிற அர்த்தநாரி டாக்டர் காய்ச்சல் காலத்தில் மாதம் ஒரு தடவை மலைக்கு வருவார். நேற்று வந்தார். இருசாயி அவரை வழியிலேயே மறித்து, "ஏனுங்க, எங்க மாமியாளுக்கு நான் சோறு போடறதில்லைன்னு ஊரே பேசுதுங்க, நீங்களே வந்து பாருங்க" என்று கூட்டிவந்துவிட்டாள். பக்கவாதத்துக்கு மருந்து கேட்க அல்ல, தன் மானத்தைக் காப்பாற்றத்தான் கூப்பிட்டாள். அவள் கூப்பிடாவிட்டால் நான் சாகும்வரை முட்டாளாகவே இருந்திருப்பேன்.

அப்போது அம்மா சாப்பிட்டு முடித்திருந்தாள். வட்டிலில் வலப்பக்கம் வழித்துவிட்டிருந்தது, இடப்பக்கம் பாதிக் களி கைபடாமல் இருந்தது. டாக்டர் வட்டிலை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார். "அடேயப்பா, இப்பத்தான் மறுக்காப் போட்டாளா" என்று அம்மா மீதியையும் சாப்பிட்டுவிட்டாள். இருசாயி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு டாக்டர் அம்மாவின் விளங்காத இடது கையைத் தூக்கிக் காட்டி, இது யார் கை என்று கேட்டார். "மருமவ கைங்க. எந்நேரமும் எம்மேல போட்டுக்கிட்டே கெடக்கறா" என்றாள் அம்மா. இருசாயி அப்போது வாசலுக்கு வெளியே நிற்கிறாள்.

வெளியே வந்ததும் நான் டாக்டரை விடவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். தலைக்குள் மூளை இரண்டு பாதியாக இருக்கிறதாம். இடது கை காலை வலப்பாதி ஆளுகிறது, வலது கை காலை இடப்பாதி ஆளுகிறது. சில வேலைகளை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், சிலவற்றைச் சேர்ந்து செய்யும். ஒரே தலைக்குள்ளேயே பங்காளிகள் இருக்கிறார்கள் பார். பேச்சு பெரும்பாலும் இடப்பாதியின் வேலையாம். அம்மாவுக்கு அடி விழுந்தது வலப்பாதியில், அதனால் பேச்சு தப்பித்தது. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. கண்ணில் குறையில்லை. அந்தப் பக்கம் நினைப்பே போவதில்லை. அங்கே இருக்கும் சோறும் இல்லை, கையும் இல்லை, ஆளும் இல்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் காட்டுக்குக் கிளம்புவதும் இந்த நோயிலேயே சேர்த்தியாம்.

கீழே ஒரு வெல்ல வியாபாரிக்கு நேர்மாறாக நடந்ததாம். இடப்பாதியில் அடி, வலது கை கால் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வார்த்தை வராமல் தவிக்கிறவர், பஜனையில் யாராவது முதலடி எடுத்துக் கொடுத்தால் பாட்டு முழுக்க வார்த்தை பிசகாமல் பாடுகிறாராம். பாட்டுக்கு இன்னொரு பாதி கைகொடுக்கிறது போலிருக்கிறது என்றார் டாக்டர். முழுக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றும் சொன்னார்.

அம்மா ஏன் எப்போதும் சுவரையே பார்க்கிறாள் என்று கேட்டேன். "ராசப்பா, ஏர்ல பூட்டுன ரெண்டு மாட்டுல ஒண்ணு படுத்துக்கிட்டா என்னாகும்? நிக்கற மாடு ஏரைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டே போகுமில்ல, அதுதான்" என்றார். தப்பித்த பாதிக்கு வலப்பக்கம்தான் தன் பக்கமாம். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் குரல் காதில் விழும். ஆளைத் தேட அவள் தலை வலப்பக்கம்தான் போகும்.

பாப்பாயி, நம் வீடு உனக்குத் தெரியாதா? கட்டில் கிழக்குச் சுவரை ஒட்டி, தலை தெற்கே. வாசல் மேற்கே. வருகிற ஒவ்வொருவரும் அவளுடைய இடப்பக்கமாகத்தான் வர முடியும். வலப்பக்கம் வெறும் சுவர். குளிர் படாமல் இருக்கட்டும் என்று அப்படிப் போட்டவன் நான்தான். நீ கூப்பிட்டாய். அவள் உன்னைத் தேடித்தான் திரும்பினாள், சுவரைப் பார்த்தாள். அவள் தள்ளியது உன் கையை அல்ல, நீ பிடித்துக்கொண்டிருந்த அவளுடைய கையையே.

இது தெரிந்த நேரத்திலிருந்து நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. காட்டுக்குப் போகிறேன், வேலை ஓடாமல் பாதியில் திரும்புகிறேன். கெட்ட பாதிக்கு இன்னொரு பாதி ஈடுகட்டிவிடாதா என்று டாக்டரிடம் கேட்டேன். சிலருக்குக் கொஞ்சம் பழகிவரும், இந்த வயதில் உறுதி சொல்ல முடியாது என்றார். நாள் கடத்தாதே என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் என்னைப் பார்த்தார். நீ உடனே புறப்பட்டு வா. ஜோலார்ப்பேட்டையில் ரயில் மாற வேண்டும். எந்த நாள் என்று எழுது, காரவள்ளி அடிவாரத்துக்கே வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு
ராசப்பன்

*

வாசலூர்ப்பட்டி
புரட்டாசி 20

அன்புள்ள தங்கச்சிக்கும், மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கும்,

பதினாலு நாள் ஆகிறது, பதில் இல்லை. மலைக்கு ஏறி வருகிற ஒவ்வொரு ஆளையும் கடிதம் உண்டா என்று கேட்டுக் கேட்டு, இப்போது என்னைக் கண்டால் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டுகிறார்கள். கடிதம் வழியில் தொலைந்ததா, அல்லது மாப்பிள்ளை படித்துக் காட்டவில்லையா என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு மன்னிக்கவும். நான் உங்களை ஐந்து வருஷமாக என்னென்ன பேர் சொல்லித் திட்டினேனோ, அதில் ஒன்றுக்கும் நீங்கள் பதில் சொன்னதில்லை.

அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. நாலு நாளாகக் காய்ச்சல். டாக்டர் மறுபடி ஏறி வந்து பார்த்தார், மருந்து கொடுத்தார், போகும்போது எனக்குத் தைரியம் சொல்லவில்லை.

நான் இன்னும் எழுதாத ஒன்று இருக்கிறது. முதல் கடிதத்தில், நீ போன பிறகு அம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். நீ இறங்கிப் போன அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே கேட்டாள். "ராசு, பாப்பாயி கொரலாட்டம் கேட்டுதே, ஆளக் காணமே?" என்றாள். கனவு கண்டிருப்பாய் என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் ஓடியிருந்தால் காரவள்ளியில் உன்னைப் பிடித்திருப்பேன். ஏன் ஓடவில்லை? நோய் என்று எனக்குத் தெரியாது, வாஸ்தவம். ஆனால் அவள் உன்னைத் தேடுகிறாள் என்பது தெரிந்தது. நீ இல்லாத ஐந்து வருஷமும் ஊரில் தலைகுனிந்தவன் நான், அது அவளுக்குத் தெரியவேண்டாமா என்று எனக்கு ஆத்திரம். முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அம்மா சொன்னது ஒரே ஒரு நாள். அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

முந்தாநாள் அவளிடம் உண்மையைச் சொன்னேன். பாப்பாயி வந்தாள், இந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்தாள், நான்தான் விரட்டினேன் என்றேன். சுவரைப் பார்த்தே கேட்டாள், "சோறு தின்னாளா?"

நான் வெளியே போய்விட்டேன்.

தலையணையை வடக்கே மாற்றிப் போட்டால் வலப்பக்கம் வாசலுக்கு நேராக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாற்றப் போனேன். "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தல வெக்கக் கூடாதுடா! என்னைச் சீக்கிரமா அனுப்பப் பாக்கறயா?" என்று அந்தக் காய்ச்சலிலும் கத்தினாள். கட்டிலை நகர்த்தலாம் என்றால் இந்தப் பக்கம் அடுப்பு, தானியக் குதிர். எங்கே நகர்த்துவது?

கடப்பாரையை எடுத்துக் கிழக்குச் சுவரை இடித்துவிட்டேன். மூங்கில் வரிச்சும் மண்ணும்தானே, அரை நாள் வேலை. அம்மாவின் வலது கைக்கு நேராக, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வாசல். இருசாயி காட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்து, "ஏனுங்க, குதிரை எடுத்து வெளிய வெச்சிருந்தாப் போதாதுங்களா?" என்றாள். போதும்தான். ஆனால் எனக்கு எதையாவது உடைக்க வேண்டியிருந்தது.

தூறல் அடிக்கிறது. கோணிச் சாக்கைத் தொங்கவிட்டால் அம்மா விலக்கச் சொல்கிறாள். அவள் தலை தானாகத் திரும்புகிற பக்கம் இப்போது சுவர் இல்லை, பலாமரமும் ஒற்றையடிப் பாதையும் தெரிகின்றன. முதல் நாள் என்னை அந்த வாசல் வழியாகப் பார்த்ததும், எங்கேயோ ஊருக்குப் போய்த் திரும்பியவனைக் கேட்கிற மாதிரி, "இத்தன நாளா எங்க சாமி போயிருந்தே?" என்றாள். ஐம்பது நாளாக நான் அவளுடைய இடப்பக்கத்திலேயேதான் இருந்தேன்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வரட்டும் அவ, ரெண்டு கேள்வி கேக்கோணும் என்கிறாள். என்னென்ன கேள்வி என்று எங்களிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கீழ்நாட்டானையும் கூட்டிவரச் சொல், அவனுக்கும் இருக்கிறது என்கிறாள். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் நீங்களும் வரவேண்டும். லீவு கொடுக்கவில்லை என்றால் அவளையாவது ரயிலேற்றி விடுங்கள். இனி பதில் எழுத வேண்டாம், எழுதுகிற நேரத்தில் புறப்படுங்கள். நான் நாளையிலிருந்து தினமும் அடிவாரத்துக்கு வந்து நிற்கப் போகிறேன்.

பாப்பாயி, நீ வந்ததும் பழைய வாசலில் நுழையாதே. வீட்டைச் சுற்றிக்கொண்டு பலாமரத்துப் பக்கமாக வா, அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொள். உன்னைத் திட்டுவதற்கென்றே அவள் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறாள். பதினாறு செல்வமும் பெற்று வாழ்க என்று வாழ்த்த எனக்கு இப்போது வாய் வரவில்லை. அம்மாவின் வாயால் வயிறாரத் திட்டு வாங்கும் பாக்கியம் ஒன்று மட்டும் உனக்குக் கிடைக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அண்ணன் ராசப்பன்